நாற்காலியில் இருப்பவருக்கான கடிகாரம்

எதிராளி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் கொண்டு விளையாட்டுகளைப் பாகுபடுத்திப் பார்த்தால், அவற்றின் சட்டதிட்டங்களில் பலவற்றுக்கு இன்னதுதான் காரணம் என்பது சுலபமாகப் புலப்படும். டென்னிஸில் ஒருவர் பந்தை அடிக்கிற கணத்திலேயே மற்றவர் அதை எதிர்கொள்ள ஓடத் தொடங்கிவிடுகிறார். சதுரங்கத்தில் ஒருவர் ஆழ்ந்து யோசிக்கும்போது எதிரே இருப்பவரும் அதே பலகையை நோக்கித் தாமும் யோசிக்கலாம். அடுத்த நகர்த்தல் தம்முடையதுதான் என்ற நிச்சயமும் அவருக்கு உண்டு. பூல் ஆட்டத்திலோ, ஒருவர் மேஜையருகே நிற்கும் வரையில் மற்றவருக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது; தம் முறை எப்போது வரும் என்பதும், வருமா என்பதுங்கூட, அவர் வசத்தில் இல்லை. எதிராளி பிழையின்றிப் பந்துகளைப் பாக்கெட்டில் இட்டுக்கொண்டே போனால், அதிலும் ஒரு ரேக்கை, அதாவது பந்துகளை அடுக்கிவைத்து ஆடும் ஓர் ஆட்டத்தை, வென்றவரே அடுத்த ரேக்கையும் பிரேக் செய்வது, அதாவது முதல் அடியால் பந்துகளைச் சிதறடிப்பது, என்ற முறையில் நடக்கும் போட்டியாக அது இருந்துவிட்டால், நெடுநேரம் கியூவைத் தொடவும் வழியின்றி, கை சில்லிட்டு, கண் அயர்ந்து அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

தொழில்முறைப் பூலில் இன்று நிலைபெற்றுவிட்ட ஷாட் கிளாக் என்னும் நேரக் கட்டுப்பாட்டையும், அதை மீறுகிறவருக்கு விதிக்கப்படும் டைம் ஃபவுல் என்னும் தண்டனையையும் எடைபோடுகிறவர்கள், ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், பெரும்பாலும் தொலைக்காட்சியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆதரிப்பவர்கள் பார்வையாளரின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கலையை வியாபாரத்துக்கு அடகு வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். இவ்விதியை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்திலிருந்து நோக்குவதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். தொலைக்காட்சியின் நிர்ப்பந்தத்தால் பிறந்ததே ஆயினும், இக்கடிகாரத்துக்குத் தார்மிகமான ஆதாரம் ஒன்று உண்டென்றால் அது உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ய வேண்டிய நீதிதான். இன்றைய நடைமுறையில் காணும் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், அவற்றில் பெரும்பாலானவை, தொலைக்காட்சி என்ற பிறந்த காரணத்துக்காக அந்த ஆதாரத்தை மறந்த இடங்களிலேயே முளைத்திருக்கக் காணலாம்.

விதி இன்னதென்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. உலகப் பூல் சங்கத்தின் விதிகளில் தாமத ஆட்டம் என்பது ஃபவுல்களின் வரிசையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஒருவர் மிக மெதுவாக ஆடுகிறார் என்று நடுவர் கருதினால் விரைந்து ஆடும்படி சொல்லலாம்; அதன் பின்னும் அவர் விரையாவிட்டால் அந்தப் போட்டிக்கு ஷாட் கிளாக்கை அமல் செய்யலாம்; அமல் செய்தால் அது இருவருக்கும் பொது. ஓர் அடிக்கு 35 விநாடி. பத்து விநாடி எஞ்சியிருக்கும்போது எச்சரிக்கை. ஒவ்வொரு ரேக்கிலும் ஒருவருக்கு ஒரே ஒரு முறை 25 விநாடி நீட்டிப்பு. பந்துகள் யாவும், நின்ற இடத்தில் சுழலும் பந்து உட்பட, முற்றிலும் ஓய்ந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும். கியூவின் முனை வெள்ளைப் பந்தைத் தொடும் கணத்தில் அது நிற்க வேண்டும். மேட்ச்ரூம் நிறுவனம் நடத்தும் மொஸ்கோனி கோப்பை முதலிய போட்டிகளில் அடிக்கு 30 விநாடி என்பதும் ரேக்குக்கு ஒரு 30 விநாடி நீட்டிப்பு என்பதும் வழக்கம். நேரம் கடந்தால் கிடைப்பது சாதாரண ஃபவுலின் தண்டனையே. அதாவது, எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேஜையில் தாம் விரும்பும் இடத்தில் வைத்து ஆடலாம்.

விளையாட்டுக்குள் விநாடிக் கடிகாரம் புகுந்த வரலாறு கூடைப்பந்திலிருந்து தொடங்குவது. 1950இல் ஃபோர்ட் வெய்ன் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்ற கணக்கில் வென்றது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு அந்த எண்களே சாட்சி. நான்கு ஆண்டுகள் கழித்து, சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன், ஓர் ஆட்டத்தின் 2,880 விநாடிகளை, சுவாரசியமான ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து எய்யக்கூடிய 120 எறிகளால் வகுத்து, 24 விநாடி என்ற கணக்கைக் கண்டார். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணிதம் இருந்தது. பூலின் 30 விநாடிக்கும் 35 விநாடிக்கும் பின்னால் அத்தகைய கணக்கு ஒன்றும் எனக்குப் புலப்படவில்லை. நடைமுறையில் ஒத்துவந்ததால் நிலைத்துவிட்ட எண்கள் என்றே அவை தோன்றுகின்றன. 1994இல் குத்துச்சண்டைப் போட்டிகளுக்கும் ஸ்னூக்கருக்கும் பேர்போன பாரி ஹேர்னின் மேட்ச்ரூம் நிறுவனம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மோதவிட்டு மொஸ்கோனி கோப்பையைத் தொடங்கியபோது, பார்வையாளர் கூச்சலிடும் அரங்கமும் படப்பிடிப்பு மேஜையும் சேர்ந்து பூலுக்கு ஒரு புதிய லட்சணத்தைக் கொடுத்தன. கடிகாரம் அந்த லட்சணத்தின் பிரிக்க முடியாத அங்கமாக வளர்ந்தது.

இக்கட்டுப்பாட்டின் சிறப்பை உணர, அது இல்லாத இடத்தில் நடந்த ஒன்றைப் பார்த்தால் போதும். பூலுக்கு உடன்பிறந்த ஆட்டமான ஸ்னூக்கரில், 2005ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியின் காலிறுதியில், ரானி ஓ’சல்லிவன் பீட்டர் எப்டனை எதிர்த்து 8-2 என்று முன்னணியில் இருந்தார். அதன் பின் எப்டன் ஆட்டத்தின் வேகத்தை மேலும் மேலும் குறைத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் வெறும் 12 புள்ளிகள் சேர்க்க அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதே அரங்கில் 1997இல் ஓ’சல்லிவன் மேஜையிலிருந்த எல்லாப் பந்துகளையும் 36 அடிகளில் பாக்கெட்டில் இட்டு 147 புள்ளிகள் குவிக்க எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய அதே நேரந்தான். முடிவில் 13-11 என்று எப்டன் வென்றார். அவர் வஞ்சகம் செய்தார் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆட்டம் கைநழுவிப் போகும்போது மனிதன் நிதானத்தைப் பற்றிக்கொள்வது இயல்பே. அளவுமீறிக் காலம் எடுப்பவரை எச்சரிக்கவும், வேண்டுமானால் அந்த ஃபிரேமையே, அதாவது போட்டியின் அந்தத் தனி ஆட்டத்தையே, பறிக்கவும் ஸ்னூக்கர் விதிகளில் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் அன்று பயன்படவில்லை. உலகச் சாம்பியன் போட்டியின் காலிறுதியில், ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு முன்னாள் சாம்பியனைப் பார்த்து ‘நீங்கள் வேண்டுமென்றே தாமதிக்கிறீர்கள்’ என்று சொல்ல எந்த நடுவருக்குத் துணிவு வரும்? தனி மனிதரின் விவேகத்துக்கு விடப்பட்ட அதிகாரம் மிக அவசியமான தருணத்திலேதான் மிகவும் தயங்கி நிற்கிறது. கடிகாரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. சாம்பியன் என்றும் புதியவர் என்றும் அதற்குத் தெரியாது. எவருடைய நோக்கத்தையும் அது சந்தேகிப்பதில்லையாதலால் எவரையும் அவமதிப்பதும் இல்லை. தாமதம் என்னும் குற்றத்தை ஒழுக்கத்தின் துறையிலிருந்து எடுத்து அளவையின் துறையில் வைத்ததே ஷாட் கிளாக் செய்த முதன்மையான நன்மை என்பேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. விரைந்து முடிவெடுப்பதும் ஒரு திறமையே என்பதை இக்கடிகாரம் அங்கீகரித்தது. மால்டா தீவின் டோனி டிராகோ மின்னல் வேகத்தில் ஆடியே 2003இல் உலகப் பூல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். 2018இல் தோஹாவில் உலக நைன்பால் சாம்பியனான ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லருக்கோ பத்து விநாடி எச்சரிக்கை கேட்கும் சந்தர்ப்பமே அபூர்வமாகத்தான் வாய்க்கும் என்று சொல்லத் தக்க வேகம். அத்தகையோரின் ஆட்டத்தைப் பார்க்கும்போது, யோசனை என்பது அடியிலிருந்து வேறுபட்ட தனிச் செயலன்று, கண் மேஜையை வாசிக்கும் வேகமே கையின் வேகம் என்ற உணர்வு எழுகிறது. தாமதத்தால் அவர்களுடைய லயத்தைக் குலைப்பதை ஒரு தந்திரமாகக் கொள்ள எதிராளிக்கு இடமிருந்தால், அவர்களுடைய திறமையின் பாதி பயனற்றுப் போகும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குறைகளைப் பேச நமக்கு உரிமை பிறக்கிறது.

நைன்பால் ஆட்டத்தில் ஒரு ரேக்கைக் கற்பனை செய்துகொள்வோம். பிரேக்கில் ஒரு பந்து பாக்கெட்டில் விழுந்தது. ஆகவே பிரேக் செய்தவரே தொடர்ந்து ஆட வேண்டும். எண் வரிசையில் மிகக் குறைந்த பந்தைத்தான் முதலில் தொட வேண்டும் என்பது விதி. அந்த ஒன்றாம் எண் பந்தோ ஆறாம் எண் பந்தின் பின்னால் பாதி மறைந்து நிற்கிறது. இரண்டும் ஏழும் நீளக் குஷனோரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்பது அடி மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒன்றின் தெரியும் விளிம்பை இரு கோணங்களிலிருந்து குனிந்து பார்ப்பதற்குள்ளாகவே பத்துப் பன்னிரண்டு விநாடிகள் போய்விடுகின்றன. நேராக அடிப்பதா, குஷனில் மோதவிட்டு அடிப்பதா, சேஃப்டி ஆடி எதிராளியை மறைவில் தள்ளுவதா, அல்லது பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும் கிடைக்கும் புஷ் அவுட் சலுகையைப் பயன்படுத்தி வெள்ளைப் பந்தை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, ‘இனி நீங்கள் ஆடுகிறீர்களா, நான் ஆடட்டுமா’ என்று எதிராளியின் தலையில் முடிவைக் கட்டுவதா? புஷ் அவுட் என்றால் எங்கே நகர்த்துவது? மறிக்கும் பந்தைத் தாண்டி அடிக்கும் ஜம்ப் ஷாட் எதிராளிக்கு நன்றாக வருமாயின் ஓரிடம். குஷன் அடியில் அவர் வல்லவராயின் வேறிடம். இந்த யோசனை பாதியில் நிற்கும்போது ‘பத்து’ என்ற நடுவரின் குரல் கேட்கிறது. ‘எக்ஸ்டென்ஷன்’ என்று கேட்டு ஒரு நீட்டிப்பை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒட்டிக்கிடக்கும் இரண்டையும் ஏழையும் பிரிக்க வேண்டிய கட்டம் இன்னும் ஓர் அடி தள்ளி, அதே ரேக்கில், வரப்போகிறது; அதற்கு நீட்டிப்பு எஞ்சியிராது.

இந்தச் சிக்கல் தீர்ந்து, மூன்று, நான்கு, ஐந்து என்று பந்துகள் திறந்த வெளியில் கிடக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டால் அதே ஆட்டக்காரருக்கு அடிக்கு எட்டு விநாடி தாராளம். மிச்சமான இருபத்திரண்டு விநாடிகளும் ஒவ்வொரு முறையும் காற்றில் கரைந்துவிடுகின்றன. அவற்றைச் சேமித்து வைக்க வழியில்லை. பூலில் யோசனை எல்லா அடிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதன்று. ஒரு ரேக்கில் ஒன்றோ இரண்டோ இடங்களில் அது குவிந்து நிற்கிறது, மற்ற இடங்களில் மெலிந்துவிடுகிறது. அடிக்கு முப்பது விநாடி என்ற விதி இந்த ஏற்றத்தாழ்வைக் காண மறுக்கிறது. ரேக்குக்கு ஒரு நீட்டிப்பு என்பதும், சில போட்டிகளில் பிரேக்குக்கு அடுத்த அடிக்கு மட்டும் கூடுதல் நேரம் தருவதும், விதியை வகுத்தவர்களே இந்த உண்மையை அரைமனத்தோடு ஒப்புக்கொண்டதற்கு அடையாளங்கள்.

இதிலிருந்து எழும் மற்றொரு விபரீதம் நாற்காலியில் இருப்பவரை நேராகப் பாதிக்கிறது. முன்பு எளிய பந்தொன்றுக்கு இருபத்தெட்டு விநாடி எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது. இன்று அது சட்டபூர்வமான உரிமை. கடிகாரம் உச்ச வரம்பை விதித்தபோதே அந்த வரம்பு வரையில் தாமதிப்பதற்கு ஓர் அனுமதிச் சீட்டையும் எழுதிக்கொடுத்துவிட்டது. எதிராளியின் லயத்தைக் குலைக்க விரும்புகிறவர் ஒவ்வோர் அடிக்கும் ‘பத்து’ என்ற குரல் வரும் வரையில் சாக்குக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு நிற்கலாம். அவரை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இக்குறைக்குச் சதுரங்கத்திலிருந்து பரிகாரம் தேடுவது பலருக்கும் தோன்றும் வழி. ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அதை அவரவர் விருப்பப்படி செலவிடட்டும் என்பது அவர்கள் வாதம். இது பூலுக்குச் சிறிதும் பொருந்தாது. சதுரங்கத்தில் இருவரும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சம எண்ணிக்கையில் நகர்த்துகிறார்கள். பூலில் நன்றாக ஆடுகிறவர் அதிக அடிகள் ஆடுகிறார். ஐந்து ரேக்குகளைத் தொடர்ந்து முடித்தவர் நாற்பது அடிகளுக்கு மேல் ஆடியிருப்பார். எதிராளி ஓர் அடியும் ஆடியிருக்க மாட்டார். மொத்த நேரக் கணக்கில் முன்னவரின் கடிகாரம் தீர்ந்துபோயிருக்கும், பின்னவருடையது நிரம்பியிருக்கும். திறமைக்கு அபராதம் விதித்துத் தோல்விக்குச் சன்மானம் கொடுக்கும் முறை அது.

ஆனால் அதே சதுரங்கத்தில் பாபி ஃபிஷர் கண்டு, 1992இல் ஸ்பாஸ்கியோடு மீண்டும் மோதியபோது நடைமுறையில் காட்டிய வேறொரு முறை இருக்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகாரத்தில் சில விநாடிகள் சேர்ந்துகொண்டே வரும். விரைந்து ஆடுகிறவர் மிச்சத்தைச் சேமித்துச் சிக்கலான கட்டத்தில் செலவிடலாம். அடிக்கு அடி நேரம் ஊறுவதால், அதிக அடிகள் ஆடுகிறவருக்கு நஷ்டமில்லை. பூலின் இயல்புக்கு இது மிகவும் இசைந்து வரும் என்பது என் துணிபு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரேக்கின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 40 விநாடி மூலதனம். மேஜைக்கு வந்து ஆடும் ஒவ்வோர் அடிக்கும் 20 விநாடி வரவு. கையிருப்பு எந்தச் சமயத்திலும் 75 விநாடிக்கு மேற்படலாகாது என்று ஒரு வரம்பு. பிரேக்குக்கு அடுத்த அடியை ஆடுகிறவருக்கு 60 விநாடி கிடைக்கிறது. இன்றைய விதிப்படி நீட்டிப்பையும் சேர்த்துக் கிடைக்கும் அதே அளவு. அது முழுவதையும் செலவிட்டுவிட்டார் என்றே கொள்வோம். அடுத்த இரண்டு எளிய பந்துகளை எட்டெட்டு விநாடிகளில் முடித்தாரானால், நான்காவது அடிக்கு வரும்போது கையில் 44 விநாடி இருக்கும். இன்றைய விதியில் 30தான். சிக்கலுக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை எளிய அடிகளில் விரைந்து அவரே சம்பாதித்துக்கொள்கிறார். உட்கார்ந்திருப்பவரை எளிய பந்துகளில் காக்கவைப்பதற்கு அவருக்கு இருக்கும் ஆசையும் இதனால் குறையும். காக்கவைக்கும் ஒவ்வொரு விநாடியும் அவர் முதலிலிருந்தே கழிகிறதல்லவா?

தண்டனையைப் பற்றிய விசாரணை இதைவிடச் சிக்கலானது. வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம் என்ற உரிமை தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் கைக்குக் கிடைத்துவிட்டால், பந்துகள் ஒன்றோடொன்று சிக்காமல் கிடக்கும் மேஜையில் அந்த ரேக் பெரும்பாலும் அவருடையதே. மொஸ்கோனி கோப்பையில் ஒரு போட்டி ஐந்து ரேக் வெல்பவருக்கு. ஆகவே ஒரு விநாடித் தாமதத்தின் விலை வெற்றியில் ஐந்தில் ஒரு பங்கு. 1996இல் ஹாங்காங்கில் எஃப்ரன் ரெயஸும் எர்ல் ஸ்டிரிக்லண்டும் 120 ரேக் என்ற இலக்கோடு மோதி ரெயஸ் 120-117 என்று வென்றார் அல்லவா, அத்தகைய நெடும்போட்டியில் ஒரு ரேக்கை இழப்பது கடலில் ஒரு கலம் நீர். இன்றைய குறும்போட்டியில் அதே இழப்பு கழுத்தை நெரிப்பது. போட்டிகளைக் குறுக்கியதும் தொலைக்காட்சிதான், கடிகாரத்தை வைத்ததும் தொலைக்காட்சிதான். இரண்டும் சேரும்போது தண்டனையின் கனம் எவ்வளவு கூடுகிறது என்பதை மறுபடி எடைபோட்டதாகத் தெரியவில்லை.

ஸ்னூக்கரின் பிரீமியர் லீக் போட்டியில் 25 விநாடிக் கடிகாரம் இருந்தபோது நேரம் கடந்தவருக்குப் புள்ளிகளில்தான் அபராதம்; ஆட்டம் அதனால் கைமாறலாம், ஆனால் ஒரே அடியில் தீர்ந்துவிடாது. பூலில் புள்ளி என்பதே இல்லாததால் அந்த வழி இங்கே அடைபட்டிருக்கிறது. அதற்காகத் தண்டனையை வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிடலாம் என்பாரோடும் எனக்கு உடன்பாடில்லை. விலை மலிவான குற்றத்தைக் கெட்டிக்காரர்கள் விலை கொடுத்தே வாங்கிக்கொள்வார்கள். புஷ் அவுட் விதியிலேயே இதற்கொரு நடுவழி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு ரேக்கில் முதல் தடவை நேரம் கடந்தால், எதிராளி மேஜையை அது கிடக்கிற நிலையிலேயே ஏற்று ஆடலாம். விருப்பமில்லாவிட்டால் தவறியவரையே ஆடச் சொல்லலாம். தவறியவர் மறைவில் சிக்கியிருந்து, வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தி இன்னொரு முப்பது விநாடியை இலவசமாகப் பெற்றுவிடக்கூடுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆதலால் திருப்பியனுப்பப்பட்டவருக்குப் பத்து விநாடிக்கு மேல் கொடுக்கலாகாது. அதே ரேக்கில் இரண்டாம் தடவை கடந்தால் இன்றைய முழுத் தண்டனை. மேலும், தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தவர் ரேக்கை இழப்பார் என்ற நைன்பால் விதியில் டைம் ஃபவுலையும் ஒன்றாக எண்ணுவது எனக்குச் சம்மதமில்லை. மூன்று ஃபவுல் விதி, மறைவிலிருந்து பந்தைத் தொட முடியாமல் தவிக்கும்படி எதிராளியைச் சிக்கவைத்த சேஃப்டிக் கலைக்கு அளிக்கப்பட்ட சன்மானம். கடிகாரம் செய்த வேலைக்கு அந்தச் சன்மானம் போய்ச் சேருவது பொருத்தமன்று.

கடிகாரத்தின் நேர்மை அதை இயக்குகிறவரின் கையில் இருக்கிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. சுழலும் பந்து ஓய்ந்ததா இல்லையா என்பதை முடிவு செய்பவர் ஒரு மனிதரே. அவர் ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் முப்பதில் அது சிறு பின்னமன்று. குனிந்து குறிபார்க்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்குக் கடிகாரம் தெரியாது. ஆதலால் ‘பத்து’ என்ற குரல் அவருக்கு உபசாரமாக வழங்கப்படுவதன்று, அவருடைய உரிமையின் ஒரு பகுதி. 2023 நவம்பரில் டெல்லியில் இலங்கையின் ஏஞ்சலோ மாத்யூஸ், தலைக்கவசத்தின் வார் அறுந்துபோனதால் இரண்டு நிமிடத்துக்குள் பந்தை எதிர்கொள்ள முடியாமல், சர்வதேசக் கிரிக்கெட்டில் ‘டைம்டு அவுட்’ ஆன முதல் ஆட்டக்காரரானபோது எழுந்த மனக்கசப்பில் ஒரு பெரும் பகுதி, நேரம் தீரப்போகிறது என்று சொல்ல அங்கே ஒரு குரல் இல்லாததால் விளைந்தது என்றே கருதுகிறேன். பூல் விதி அவ்வகையில் மேலானது. ஆயினும் மொஸ்கோனி கோப்பையின் அரங்கில் இரு கண்டங்களின் ஆதரவாளர்களும் ஆர்ப்பரிக்கும் ஓசையில் அந்தக் குரல் எப்போதும் காதில் விழுகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. இணையாக ஆடும் உலகக் கோப்பைப் பூல் போன்ற போட்டிகளில், மாறி மாறி அடிக்கும் இருவரும் ஒருவரையொருவர் கலந்தாலோசித்து முடிவுக்கு வருவதற்கும் அதே நேரந்தான். அங்கே கடிகாரம் சோதிப்பது தனித் திறமையை விட்டு விலகி, இருவரின் பழக்கத்தையும் புரிந்துணர்வையும் தொடுகிறது. அதை நான் குறையாகக் கருதவில்லை. இணையாட்டத்துக்கு அது ஒரு தனிச் சுவையைக் கூட்டுகிறது.

குறையாக நான் மிகவும் கருதுவது, ஒரே போட்டியில் இரு சட்டங்கள் நிலவுவதை. தொலைக்காட்சி மேஜையில் நடுவரும் கடிகாரமும் உண்டு. அரங்கின் ஓரத்தில் கிடக்கும் மேஜைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி நடுவரே வாய்ப்பதில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர் கலந்துகொள்ளும் பெரும்போட்டிகளின் முற்சுற்றுகளில், ஒருவர் காலையில் காலவரையறை ஏதுமின்றி ஆடி, மாலையில் விளக்குகளின் கீழே முப்பது விநாடிக்கு ஆட வேண்டியிருக்கிறது. காலையில் அவர் வேறொரு விளையாட்டை ஆடினார் என்றுகூடச் சொல்லலாம். ஓரத்து மேஜையில் யாரேனும் முறையிட்டால் கடிகாரம் இடையில் கொண்டுவரப்படுகிறது. அப்படி வரும்போது மெதுவாக ஆடியவர் ஏற்கெனவே தம் காரியத்தை முடித்துக்கொண்டு முன்னணியில் இருப்பார். முறையிட்டவர், தமக்கு அவசியமில்லாத கடிகாரத்தின் கீழே, பின்தங்கிய நிலையிலிருந்து ஆடத் தொடங்குவார். இருவருக்கும் பொது என்ற சமத்துவம் இங்கே சமத்துவத்தின் உருவத்தை மட்டுமே கொண்டது. கடிகாரம் பார்வையாளருக்காக என்றால், பார்வையாளர் இல்லாத மேஜையில் அது வேண்டியதில்லை என்பது சரியே. உட்கார்ந்திருப்பவருக்காக என்றால், யாரும் பார்க்காத மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கே அது அதிகமாக வேண்டும்; அங்கே அவருக்குத் துணையாகக் கூட்டத்தின் முணுமுணுப்புக்கூட இல்லை. எல்லா மேஜைகளுக்கும் நேரங்காப்பாளர்களை அமர்த்தப் பணம் போதாதென்றால், இன்ன சுற்று வரையில் எவருக்கும் கடிகாரம் இல்லை, அதற்கு மேல் எல்லா மேஜையிலும் உண்டு என்று கோடு கிழித்துவிடலாம்.

கடைசியாக, கடிகாரத்தால் வெளிச்சம் இழந்த ஆட்டவகைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1966இல் அமெரிக்க ஓப்பனின் இறுதியில் இர்விங் கிரேன் ஜோ பால்சிஸை எதிர்த்து 150 பந்துகளை ஒரே தொடர்ச்சியில் இட்டு முடித்தது ஸ்டிரெய்ட் பூல் என்னும் ஆட்டத்தில். எந்தப் பந்தை வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் அடிக்கலாம் என்பது அதன் விதி. ஆகவே பதினைந்து பந்துகளுக்குள்ளே ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்து, கடைசிப் பந்தை அடுத்த ரேக்கை உடைக்கத் தோதான இடத்தில் விட்டுவைப்பதுதான் அதன் சாஸ்திரம். கிரேன் நிதானத்துக்குப் பெயர்பெற்றவர். 1954இல் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்துகளை இட்ட வில்லி மொஸ்கோனியோ விரைந்து ஆடுகிறவர். முப்பது விநாடி அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திராது. அவர் பெயரைத் தாங்கிய கோப்பையில் கடிகாரம் ஓடுவதும் கிரேனின் ஆட்டவகை தொலைக்காட்சியிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டதும், எந்த இயல்புடையவருக்கு இந்த யுகம் இடங்கொடுத்தது என்பதைக் காட்டுகின்றன. ஸ்டிரெய்ட் பூல் மறைந்ததற்குக் கடிகாரத்தை மட்டும் காரணமாக்குவது அநியாயம். அடுத்தது என்ன என்று சாதாரணப் பார்வையாளருக்கு உடனே விளங்கும் நைன்பால்தான் திரைக்கு ஏற்றது. ஆனால் நிதானமே திறமையாக இருந்தவர்களுக்கும் நியாயம் செய்யும் ஒரு நேர முறை கிடைக்கக்கூடியதாக இருக்கும்போது அதைத் தேடாமலிருப்பதற்குச் சமாதானம் இல்லை.

சேமிப்பு முறையில் நாற்காலியில் இருப்பவரின் கதி என்ன என்றும் பார்த்துவிடலாம். பிரேக்குக்குப் பின் ஒன்பது பந்துகளையும் ஒருவரே ஆடி முடிப்பதாகக் கொண்டால், இன்றைய விதிப்படி அவர் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச நேரம் ஒன்பது முப்பதும் ஒரு நீட்டிப்பும் சேர்த்து 300 விநாடி. மேலே சொன்ன சேமிப்புக் கணக்கில் அது 40ம் ஒன்பது இருபதும் சேர்ந்து 220 விநாடி. யோசிப்பவருக்கு யோசிக்க வேண்டிய இடத்தில் அதிக நேரம். காத்திருப்பவருக்கு ரேக்குக்கு 80 விநாடி குறைந்த காத்திருப்பு. பந்துகள் உருளும் நேரத்தில் கணக்கை நிறுத்திவைக்க ஒரு நேரங்காப்பாளர் வேண்டியிருக்கும் என்பதைத் தவிர, இதற்கு வேண்டிய கருவியில் புதிதாக ஒன்றுமில்லை; அடிக்கு அடி நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் கடிகாரங்கள் சதுரங்க அரங்குகளில் வெகு காலமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. பட்டமும் பெருந்தொகையும் பணயத்தில் இல்லாத சிறு போட்டி ஒன்றில், எல்லா மேஜைகளிலும், ஒரு பருவம் முழுவதும் இதை ஓட்டிப் பார்த்து, ஆடியவர்களோடு உட்கார்ந்திருந்தவர்களையும் கேட்டறிவதுதான் அடுத்து செய்ய வேண்டிய காரியம்.